அகலப்படுத்தும் முன் கோடு போட்டுப் பாருங்கள்

ஐயா,

வேலூரின் பழைய பகுதிகளைச் சீரமைப்பது என்றாலே சாலை அகலம், கால்வாய், மின்கம்பம் என்றுதான் மதிப்பீடு தயாராகிறது. லாங் பஜார், கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு தெருவிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை திருப்பம் என்ற கணக்கு அதில் இருப்பதில்லை.

அந்தக் கணக்குக்கு வழி உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பில் ஹில்லியர், ஜூலியன் ஹான்சன் ஆகியோர் வளர்த்த 'ஸ்பேஸ் சின்டாக்ஸ்' முறை அது. பார்வையும் காலும் தடையின்றிச் செல்லும் நேர்கோடுகளை, முடிந்தவரை நீளமாக, குறைந்த எண்ணிக்கையில், எல்லாத் தெருக்களையும் சந்துகளையும் தொடும்படி வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் மற்றவற்றை எட்ட எத்தனை முறை கோடு மாற வேண்டும் என்று எண்ண வேண்டும். இதுவே ஆழம்.

20 கோடுகள் உள்ள ஒரு பேட்டையை எடுத்துக்கொள்வோம். கடைத்தெருவிலிருந்து மற்ற 19-இன் ஆழமும் சேர்ந்து 38 என்றால் சராசரி 2. உள்ளடங்கிய ஒரு சந்திலிருந்து 76 என்றால் சராசரி 4. திருப்பம் குறைவு என்பதால் வழிப்போக்கர் பெரும்பாலும் கடைத்தெருவில்தான் வருவார்கள். கடை அங்கே பிழைக்கும். சந்து, திண்ணைக்கும் பிள்ளைகள் விளையாட்டுக்கும் உரியது. முட்டுச்சுவரை இடித்து அதைப் பிரதான சாலையோடு இணைத்தால் சராசரி சட்டென்று இறங்கும்; குறுக்குவழி தேடும் இருசக்கர வாகனங்கள் உள்ளே நுழைந்துவிடும். சில இடங்களில் அந்த இணைப்பு தேவைதான். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

வரைவதில்தான் பிழை அதிகம். செயற்கைக்கோள் படத்தில் கூரைக்கு அடியில் ஓடும் சந்து தெரியாது. பழைய நில அளவை வரைபடத்தில் இருக்கும் வழி இன்று பூட்டிய கேட்டாக இருக்கலாம். நடந்து சரிபார்க்காமல் ஒரு கோடும் போடக் கூடாது. வேலூர்க் கோட்டையின் அகழியைத் தாண்டிக் கண் போகும், கால் போகாது; அதன் மேல் கோடு இழுத்தால் கணக்கே கெட்டுவிடும். வார்டு எல்லையோடு வரைபடத்தை வெட்டுவது இன்னொரு தவறு. ஓரத் தெருக்களெல்லாம் உயிரற்றவை போலக் காட்டும். எல்லைக்கு அப்பாலும் சில தெருக்கள் தள்ளி வரைந்துகொண்டு, முடிவை உள்பகுதிக்கு மட்டும் படிக்க வேண்டும்.

கணினி தரும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். தெருமுனைகளில் காலை, நண்பகல், மாலை என ஐந்தைந்து நிமிடம், வேலை நாளிலும் ஞாயிறிலும், கடந்து போகிறவர்களை எண்ணி ஒப்பிட வேண்டும். பொருந்தாத தெருவில் காரணம் வேறு: பள்ளி, பேருந்து நிறுத்தம், தேங்கும் சாக்கடை.

இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் டெப்த்மேப்எக்ஸ் மென்பொருள் இலவசம். செலவு ஆள்கூலிதான். டெண்டர் விடும் முன், இப்போதுள்ள வரைபடம், திட்டத்துக்குப் பிந்தைய வரைபடம் இரண்டையும் மாநகராட்சி அந்தந்தத் தெருக்காரர்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

நகரமைப்பு வரைவாளர்கள் சிலர்,
வேலூர்.