ஓய்வூதியரைப் பேராசைக்காரர் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்ஷன் தொடர்ந்து வர ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி ஓய்வூதியர் ஒருவரின் கணக்கைக் காலி செய்துவிட்ட செய்தியைத் தங்கள் இதழில் படித்தேன். அதன் கடைசி வரியில் ‘பேராசை’ என்ற சொல் இருக்கிறது. அவர் கூடுதல் வட்டிக்கு ஆசைப்படவில்லை, பரிசுச் சீட்டும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பென்ஷன் நின்றுவிடக் கூடாதே என்று பயந்தார். அந்தப் பயத்தைப் பேராசை என்று அச்சில் போட்டால், நாளை ஏமாறுபவர் பெற்ற பிள்ளையிடம் சொல்லவே கூசுவார். அவர் வாயைத் திறப்பதற்குள் பணம் நாலு கணக்கு மாறியிருக்கும்.

தொலைபேசியில் அழைக்கும் மோசடிக்காரனுக்கு ஓய்வூதியரின் பெயர், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் எண், ஓய்வு பெற்ற தேதி, வங்கிக் கிளை எல்லாம் தெரிந்திருக்கும். இத்தனையும் தெரிந்தவன் கருவூலத்திலிருந்தோ வங்கியிலிருந்தோதான் பேசுவான் என்று யாருக்கும் தோன்றும். அடுத்து வாட்ஸ்அப்பில், கைபேசியில் செயலியை நிறுவும் ஒரு ஏ.பி.கே. கோப்பு வரும். அதை நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், அதன்பின் ஓடிபியை அவர் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அது தானாக அவனுக்குப் போய்விடும். அதை வைத்து நெட் பேங்கிங்கைத் தன் கைக்குக் கொண்டுவருவான். சேமிப்புக் கணக்கில் இருப்பது கொஞ்சம்தானே, மீதியெல்லாம் டெபாசிட்டில் பத்திரமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டெபாசிட்டை ஆன்லைனிலேயே முறிக்கலாம், அதன்மேல் கடனும் எடுக்கலாம். பணிக்கொடையும், பென்ஷனில் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாக வாங்கிய கம்யூடேஷன் தொகையும் இந்த வழியில்தான் போகின்றன.

சென்ற ஆண்டு தாங்கள் வெளியிட்ட விழிப்புணர்வுக் கட்டுரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓடிபி கேட்டாலே மோசடி என்று அதில் இருந்தது. அது சரியல்ல. உயிர்வாழ் சான்றுக்கான அரசின் ஜீவன் பிரமான் செயலியில் பதிவு செய்யும்போதும் ஓடிபி வரும். அதை நாமே, நம் கைபேசியில், நாமே திறந்த செயலியில் தட்டச்சு செய்கிறோம். தொலைபேசியில் பேசுகிறவரிடம் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை எழுதாமல் விட்டதால், உண்மையான செயலியும் ஓடிபி கேட்பதைப் பார்த்த ஒருவர், அழைப்பவனும் கேட்பது இயல்புதான் என்று கொடுத்துவிட வழி ஏற்படுகிறது. முறையான வழி எளியது. கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து ஜீவன் பிரமான் செயலி, முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலி இரண்டையும் இறக்கிக்கொண்டு முகத்தைக் காட்டினால் போதும். கைபேசி பழக்கமில்லாதவருக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவார். அதற்குச் சிறு கட்டணம் இருக்கலாம். வங்கிக் கிளைக்கு நேரில் போயும் கொடுக்கலாம். முடிந்ததும் பிரமான் எண்ணுடன், அதாவது சான்றின் எண்ணுடன், குறுஞ்செய்தி வரும். முகத்தையும் விரல்ரேகையையும் பிறர் பயன்படுத்தாதபடி ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டுப் போட்டு வைத்திருப்பவர்கள் (போட்டு வைப்பதே நல்லது) முதலில் அதைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் முகமோ விரலோ ஏற்காது. அந்தக் குழப்பத்தில் ‘உதவி எண்’ தேடிப் போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

பயத்தைப் போக்கும் செய்தி ஒன்றைத் தாங்கள் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் முழுவதும் அவகாசம் உண்டு. 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்களுக்கு நவம்பர் கெடுவே கிடையாது. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும். தவறிப்போய்ப் பென்ஷன் நின்றாலும், சான்று கொடுத்ததும் நிலுவையோடு சேர்த்து வந்துவிடும். ஆகவே ‘இன்னும் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும்’ என்று ஒருவன் சொன்னால் அந்த இடத்திலேயே இணைப்பைத் துண்டிக்கலாம்.

ஏமாந்தவரின் படத்தையும் தெருப் பெயரையும் போடுகிறீர்களே, அது ஏன்? போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று அடுத்த கூட்டம் அவரைத் தேடி வருவது இந்தத் தொழிலில் வழக்கம். தங்கள் செய்தி அவர்களுக்கு முகவரியைக் கொடுத்துவிடுகிறது.

பேராசை பற்றிய வரி வந்த அதே இதழின் வரி விளம்பரத்தில், மாதம் 2 சதவீத வட்டி தருவதாக ஓர் அறிவிப்பும் இருந்தது. மனம் வெந்தது. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தாங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட திட்டத்துக்கு விளம்பரம் வெளியிட்ட பத்திரிகையை, அதே இடத்தில் இலவசமாக மறுப்பு வெளியிடச் சொல்லும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் அரசுக்கு இருக்கிறது.

பணம் போனபின் செய்ய வேண்டியதைத் தாங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஆனால் முதல் அழைப்பு, இணையவழிப் பண மோசடிக்கான அரசின் உதவி எண்ணான 1930-க்குப் போக வேண்டும். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் நான்கும் கையில் இருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லும் தகவல் அங்கிருந்தே உடனே வங்கிகளுக்குப் போகும். அடுத்த அழைப்பு சொந்த வங்கிக்கு. புகார் எண்ணைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, தவறு நம்முடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல என்றால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. ஓடிபியைக் கொடுத்துவிட்டவர்கூட, வங்கிக்குத் தெரிவித்த நிமிடத்துக்குப் பின் போகும் பணத்துக்குப் பொறுப்பாக மாட்டார். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்குத்தான். கிளையில் ‘உங்கள் தப்புதான்’ என்று சொன்னதும் தலைகுனிந்து திரும்பிவிடுகிறார்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம்.

முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பென்ஷன் வரும் கணக்கையும் ஓய்வுக்காலத் தொகை இருக்கும் கணக்கையும் வேறு வேறு வங்கிகளில் வைப்பது. இரண்டாவதற்கு நெட் பேங்கிங், யு.பி.ஐ., ஏ.டி.எம். அட்டை எதுவும் வேண்டாம். மாதச் செலவுக் கணக்கில் பரிமாற்ற வரம்பைக் குறைத்துவிடலாம். டெபாசிட்டை ஆன்லைனில் முறிக்கவோ அதன்மேல் கடன் எடுக்கவோ முடியாதபடி செய்ய வங்கியில் வசதி உண்டா என்று கிளை மேலாளரிடம் எழுத்தில் கேட்கலாம். எல்லா வங்கியிலும் கிடைக்காது, கேட்பதில் தவறில்லை.

தங்களிடம் கேட்பது இரண்டே. அந்த ஒரு சொல் தவறு என்று, அது வந்த அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் வாரத்தில், கண்ணாடி இல்லாமலும் படிக்கும் அளவு எழுத்தில், 1930 என்ற எண்ணை முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வூதியக் கணக்குப் பிரிவில் பணியாற்றிய வாசகர்