ஒன்பது வாரத்தில் ஒன்பது கனிகளா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இளையோர் மறைக்கல்வி வகுப்பு உன் கைக்கு வந்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் விவிலியத்தில் கலாத்தியர் 5:22-23 சொல்லும் தூய ஆவியின் ஒன்பது கனிகளையும் (அன்பு, பொறுமை போன்ற நற்பண்புகளை) வாரத்துக்கு ஒன்றாக நடத்தப்போகிறேன் என்கிறாயே, அது எனக்கு ஒப்பவில்லை. முடிவில் ஒன்பது சொற்கள் மனப்பாடமாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒரே ஒரு குறையை எடுக்கச் சொல். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதற்கும் அது போதும். இதற்கு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலிலேயே வழி இருக்கிறது (1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்த நூல்). காலையில் எழுந்ததும் அந்தக் குறையை நினைத்து, இன்று இதில் விழக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை, கழிந்த நேரத்தை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் தாளில் போட்ட கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு 14. மதியக் கோட்டை இரவுக் கோட்டோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். விழுந்த கணத்திலேயே நெஞ்சில் கைவைத்து வருந்தவும் சொல்கிறார் இஞ்ஞாசியார். கூட்டத்தின் நடுவிலும் யார் கண்ணிலும் படாமல் செய்யலாமாம். எனக்கு இந்த முறையிலேயே பிடித்த இடம் இதுதான்.

குறையைத் துல்லியமாக எழுத வைப்பதில்தான் உன் பாடு இருக்கிறது. 'பொறுமையாக இருப்பேன்' என்று எழுதினால் புள்ளி எதற்கு வைப்பது? 'தம்பி பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன்' என்றால் எண்ணலாம். கூடவே மாற்றுச் செயல் ஒன்றும் வேண்டும். எபேசியர் 4:28ஐப் பார். திருடுகிறவன் திருட்டை விட்டால் மட்டும் போதாது. கையால் உழைத்து, இல்லாதவனுக்குக் கொடுக்கவும் வேண்டும் என்கிறார் திருத்தூதர் பவுல். புறம்பேசுகிறவன் வாயை மூடுவதோடு நில்லாமல், அதே ஆளின் நல்லது ஒன்றையும் சொல்லட்டும்.

முதல் வாரம் புள்ளிகள் கூடும். அதற்கு முன் கண்ணில் படாதது இப்போது படுவதால்தான். இதை முன்கூட்டியே சொல்லிவை, இல்லாவிட்டால் பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். எதற்கெடுத்தாலும் பாவமோ என்று மருகும் பிள்ளைக்கு மட்டும் இந்தக் கணக்கே வேண்டாம். புள்ளி அவனை இன்னும் வதைக்கும். ஒப்புரவு கேட்கும் குருவிடம் அனுப்பு. புள்ளி குறைந்துவிட்டது என்று பெருமையடிக்கிறவன் கதை வேறு, அவனுக்கு அடுத்த குறை தயாராக இருக்கிறது!

இன்னொன்று. எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்துவிடாதே. தைரியம் என்பது கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் இருப்பது என்கிறார் இடைக்கால இறையியலாளர் புனித அக்குவினா தோமா. ஏற்கெனவே பயந்து ஒதுங்கும் பெண்ணுக்குப் 'பொறுத்துப்போ' என்று சொல்லிக்கொடுத்தால், நற்பண்பின் பெயரால் அவள் பயத்தைத்தான் வளர்க்கிறாய். வகுப்பில் தப்பு நடக்கும்போது ஒருமுறையாவது வாய்திறப்பதுதான் அவளுக்கான பயிற்சி. யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்கும் விவேகம் உன் பங்கு.

கோடு போட்ட தாள்களை நீ வாங்கிப் பார்க்காதே. பார்ப்பாய் என்று தெரிந்தாலே புள்ளிகள் பொய்யாகும். மாதிரித் தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், நகலெடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்