பென் ஹண்ட், இந்த ஜனவரில பசங்களோட போட்டி போட்டு ஓடாதீங்க

அன்புள்ள பென்,

பிரிஸ்பேன் வெயில்ல, வேர்த்துக் கொட்டுற அந்த ஜனவரி புழுக்கத்துல, ரெட் ஹில் மைதானத்துல ப்ரீ சீசன் ஓட்டம் ஓடிட்டு இருப்பீங்க. மார்ச் 27 வந்தா உங்களுக்கு 36. பக்கத்துல ஓடுற பசங்கள்ல நிறைய பேர் நீங்க பிரிஸ்பேன் ப்ரோங்கோஸ் ரக்பி லீக் டீமுக்கு முதல் மேட்ச் ஆடின 2009ல ஸ்கூல் பையை மாட்டிட்டுத் திரிஞ்சவங்க. நேரா விஷயத்துக்கு வர்றேன், அவங்கள முந்தணும்னு இந்த மாசம் ஓடாதீங்க.

வயசாயிடுச்சு ஒதுங்குங்கன்னு சொல்ற கூட்டத்துல நான் இல்ல. 2026லயும் உங்கள கிரவுண்ட்ல பாக்கணும், அதுவும் அக்டோபர் வரைக்கும் பாக்கணும், அந்த ஆசையிலதான் எழுதுறேன்.

வயசாகும்போது முதல்ல போறது மூச்சு இல்ல, பலமும் இல்ல, நின்ன இடத்துலேர்ந்து சட்டுனு பாயுற அந்த வேகம்தான். கூடவே தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசையும் கெண்டைக்காலும் எப்ப வேணா பிடிச்சுக்கும், ஒரு தடவ கிழிஞ்சா ஆற நாளாகும், ஆறின இடத்துலயே மறுபடி கிழியும். ஹுக்கர் வேலையப் பாருங்க, தரையில இருக்கிற பந்த எடுத்து ஆட்டத்த ஓட்டுறவர், எதிராளிய மடக்கி வீழ்த்துற டேக்கிள் மட்டுமே ஒரு மேட்ச்ல நாப்பது சாதாரணம், ஒவ்வொண்ணுக்கும் எழுந்து பத்து மீட்டர் பின்னாடி போகணும், திரும்ப முன்னாடி பாஞ்சு வரணும், 80 நிமிஷமும் இதே கதை. ஸ்டாமினாவ சைக்கிள்ல, ரோயிங் மெஷின்ல, நீச்சல் குளத்துல ஏத்திக்கலாம், கால் நோகாது. அதுக்காக ஸ்பிரின்ட்ட சுத்தமா விட்டுடாதீங்க, பிராக்டிஸ்ல ஃபுல் ஸ்பீடே போகாத கால் மேட்ச்ல போனா அன்னிக்கே கிழியும். வாரத்துல கொஞ்சமா போடுங்க, கூட பின் தொடைத் தசைக்கான நார்டிக் எக்ஸர்சைஸ், போதும். கிக் பிராக்டிஸையும் எண்ணி அடிங்க, டீம நடத்துற ஹாஃப்பேக் ஆடுறவங்க நூறு நூறா அடிச்சு இடுப்புக்குக் கீழ புண்ணாக்கிக்கறத யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல.

போன சீசன்ல உங்க டீம்லயே பாத்தோமே. ஆடம் ரெனால்ட்ஸ், உங்க செட்டு, அவருக்கு ஹாம்ஸ்ட்ரிங், அதான் அந்தப் பின் தொடைத் தசை, எஸ்ரா மாம் சின்னப் பையன், அவனுக்கும் ஹாம்ஸ்ட்ரிங். சீசனோட கடைசி ஆட்டமான கிராண்ட் ஃபைனல்லயே ரெனால்ட்ஸ் பாதில நொண்டிட்டு வெளிய போனாரு. ஹாஃப் டைம்ல மெல்போர்ன் 22-12ன்னு மேல இருந்தாங்க, முடிவுல 26-22 உங்களுக்கு, 2006க்கு அப்புறம் ப்ரோங்கோஸுக்கு முதல் கப்பு.

2015 கிராண்ட் ஃபைனலும் அதே சிட்னி மைதானத்துலதான். ஸ்கோர் சமமாகி, முதல் பாயின்ட் எடுத்தவங்க ஜெயிக்கிற கோல்டன் பாயின்ட் ஆரம்பிச்சதும் எதிர் டீம் கவ்பாய்ஸ் அடிச்ச முதல் கிக் உங்க கையிலேர்ந்து நழுவிச்சு, அவங்க தர்ஸ்டன் பந்த போஸ்டுக்கு நடுவுல உதைச்சு ஒரு பாயின்ட் எடுக்கிற ஃபீல்ட் கோல் அடிச்சாரு, 17-16. அதுக்கப்புறம் பத்து வருஷம் உங்கள பத்தி எழுதினவங்க எல்லாம் அந்த ஒரு பந்தையே எழுதினாங்க. 2022ல குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதுற ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் சீரிஸோட மூணாவது மேட்ச்ல எதிர் டீம் க்ளியரி அடிச்ச கிக்க குறுக்க பாஞ்சு தடுத்து அவ்ளோ தூரம் தனியா ஓடிப்போய் கோட்டுக்கு அப்பால பந்த வச்சு ட்ரை போட்டு குயின்ஸ்லாந்துக்கு சீரிஸ முடிச்சுக் குடுத்தீங்க, அப்பவும் அந்தப் பந்து பேச்சு நிக்கல, எனக்கு இன்னும் அதுல கோவம் இருக்கு.

ஆனா உங்க ஃபார்ம் என்னன்னு கேட்டா நான் காட்டுறது போன சீசன் ஃபைனல்ஸ்ல கான்பெர்ரா டீமோட நடந்த மேட்ச்தான். 28-12ன்னு கைய விட்டுப் போய்ட்டு இருந்த மேட்ச்ச இழுத்துட்டு வந்து, எக்ஸ்ட்ரா டைம்ல 94வது நிமிஷம், ஆளுங்க எல்லாம் நிக்க முடியாம தள்ளாடுறப்ப, நீங்க ஃபீல்ட் கோல் அடிச்சு 29-28. அங்க ஜெயிச்சது வேகம் இல்ல. எந்த இடத்துல நிக்கணும், எப்ப அடிக்கணும்ங்கற அறிவு. மெல்போர்ன் ஹுக்கர் கேமரன் ஸ்மித்தும் இப்படித்தான், அவர் என்னிக்குமே வேகமான ஆள் இல்ல, 430 மேட்ச் ஆடி 2020ல 37 வயசுல கிராண்ட் ஃபைனல் ஜெயிச்சுட்டுதான் நிறுத்தினாரு. நல்ல நகைய தினம் போட்டுக்க மாட்டாங்க இல்லையா, அந்த மாதிரி உங்க கால விசேஷ நாளுக்கு எடுத்து வைக்கணும்.

அதனால மகுவயர் கோச்கிட்ட நீங்களே போய்ப் பேசுங்க. முதல் இருபத்தஞ்சு நிமிஷம் பெஞ்ச்ல உக்காருங்க, எதிர் டீம் ஃபார்வர்டுங்க களைச்சப்புறம் ஹுக்கர் நிக்கிற டம்மி ஹாஃப் இடத்துல இறங்குங்க, நீங்க பந்தக் கையில எடுக்கறப்ப அவங்க கால் கனத்துப் போயிருக்கும். முதல்லேர்ந்து இறங்கறதுதான் கவுரவம்னு உங்களுக்குத் தோணலாம், எனக்கு அப்படித் தோணல, மேட்ச்ச முடிக்கிற ஆளுதான் பெரிய ஆளு.

இன்னொண்ணு, சொன்னா உங்களுக்குப் பிடிக்காது. பிப்ரவரில இங்கிலாந்துல ஹல் நகரத்துல ஆஸ்திரேலியா சாம்பியனும் இங்கிலாந்து சாம்பியனும் மோதுற வேர்ல்ட் கிளப் சேலஞ்ச் இருக்கு. ஒரு நாள் பூரா ஃப்ளைட்ல மடங்கி உக்காந்து, பிரிஸ்பேன் சூட்டுலேர்ந்து அந்தக் குளிருக்குப் போய், சீசனோட முதல் முழு வேகத்த அங்கயா காட்டணும்? எதிர்ல ஆடப்போற ஹல் கேஆர் போன வருஷம் இங்கிலாந்துல மூணு கப்பையும் தூக்கின டீம், சும்மா விட மாட்டாங்க. போங்க, பசங்களோட இருங்க, கால் கொஞ்சம் இறுக்கமா இருந்தாலும் ஆடாதீங்க. ஹல்ல தோத்தா கூட ரெண்டு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. கான்ட்ராக்ட் இந்த வருஷத்தோட முடியுது, செப்டம்பர் மேட்சுங்களுக்கு எங்களுக்கு நீங்க வேணும்.

அன்புடன்,
உங்க ரசிகன்