நாள் தள்ளும் முன்பே ஃபோலிக் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லைச் சீமையில் முழுகாமல் இருக்கும் பெண்ணின் சாப்பாட்டைப் பற்றி வீட்டார் மெனக்கெடுவது பெரும்பாலும் வளைகாப்பை ஒட்டித்தான். வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போகும் அந்த நாளில், வயிற்றுப் பிள்ளைக்கு இதயமும் முதுகுத் தண்டும் உருவாகி மாதங்கள் ஓடியிருக்கும்.

மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய் அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலர் சோதனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் போதாதபோது அந்தக் குழாய் திறந்தபடி நின்றுவிடும் அபாயம் கூடுகிறது. பிறகு எத்தனை மாத்திரை விழுங்கினாலும் மூடாது. எனவே கருத்தரிக்க ஒரு மாதமாவது முன்பே தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்தாலோ, தாய் வலிப்புக்கு மருந்து எடுத்தாலோ இது போதாது. மருத்துவரே அளவைக் கூட்டித் தர வேண்டும். முருங்கைக்கீரையிலும் சிறுபயறிலும் இந்தச் சத்து உண்டுதான். ஆனால் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் கணிசமான பகுதி அதோடு போய்விடும்.

நான்காம் மாதம் முதல் சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 180 நாள் சாப்பிட வேண்டும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் தினம் இரண்டு. மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லை என்பவர்களிடம் எப்போது டீ குடிக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் சுளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு டீதான் பாதிச் சாப்பாடு. டீயின் துவர்ப்பு இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பை இரவு படுக்கும் முன் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் தகராறில்லை, குமட்டலும் குறையும். மலம் கறுத்துப் போவதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். பீடி சுற்றும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது. நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும். நச்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். கர்ப்ப காலத்தில் அந்த வேலையையே தள்ளிவைக்க முடிந்தால் நல்லது.

தூத்துக்குடி பக்கத்திலிருப்பதால் கல்லுப்பு மலிவு. அதில் அயோடின் சேர்க்காத உப்பும் விற்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான். அது சுரக்க அயோடின் வேண்டும். பாக்கெட்டில் அயோடின் உப்புக்கான சிரிக்கும் சூரியன் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பை மூடி போட்ட டப்பாவில் வைத்துச் சமையல் முடியும்போது போடுங்கள்.

"நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும்" என்று கடைசி மாதங்களில் வயிற்றைச் சுருக்கச் சொல்வது பெரிய தவறு. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஏறத்தாழ 36-ஆம் வாரம்வரைதான் உருவாகின்றன. பிறந்தபின் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு அவை குறைவாகவே இருக்கும். நடு வயதில் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு கூடும். அன்றாடச் சாப்பாட்டுக்கு மேல் தேவைப்படும் 350 கலோரியை 50 கிராம் நிலக்கடலையும் ஒரு முட்டையும் தந்துவிடும். புரதமும் 19 கிராம் அளவில் கிடைக்கும். குங்குமப்பூவுக்குக் கொடுக்கும் காசில் மாதக்கணக்கில் கடலை வாங்கலாம்.

கிராம சுகாதார செவிலியர்களிடம் பிள்ளை பெறும் வயதிலுள்ள தம்பதியரின் பெயர் எழுதிய 'தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு' இருக்கிறது. அதிலுள்ள புதுமணப் பெண்களுக்கு, நாள் தள்ளும் முன்பே ஃபோலிக் மாத்திரை அட்டை வீடு தேடிப் போய்ச் சேர மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தாய்சேய் நலப் பணியாளர்கள்,
திருநெல்வேலி