புது மோட்டார் வாங்காதே

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மற்ற செய்திகள் பிறகு. மூன்று புது மோட்டார்களுக்கு ஆர்டர் கொடுக்கப் போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதைத் தடுக்கவே இந்தக் கடிதம்.

பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கழற்றியவை என்று காயலாங்கடையில் நாம் எடைக்கு வாங்கிப் பங்கிட்டுக்கொண்ட அதே ஆறு ஒயர் ஸ்டெப்பர் மோட்டார்கள்தாம் (கட்டளைக்கு ஒரு ஸ்டெப்பாக, சிறு சிறு படிகளாகச் சுழல்பவை), கணினிக் கட்டளைப்படி வெட்டிச் செதுக்கும் என் ரௌட்டர் மெஷினில் இப்போது நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் ஒரு ஸ்டெப்பும் தவறாமல் ஓடுகின்றன. "கிழட்டு மோட்டார்" என்று நீ தீர்ப்பெழுதிய அதே கூட்டம்! உன் மெஷினில் 1800-ஐத் தாண்டியதும் அவை கீச்சிட்டு நின்றுவிடுவதற்குக் காரணம் வலுக்குறைவு அன்று, ஒயர் இணைப்பு.

மோட்டாரின் இரண்டு சுருள்களில் ஒவ்வொன்றுக்கும் இரு முனை ஒயர்களும் ஒரு நடு ஒயரும் உண்டு. நீ நடு ஒயர்களை விட்டுவிட்டு, சுருளின் இரு முனைகளை மட்டும் டிரைவரில் (மோட்டாருக்கு மின்னோட்டம் அனுப்பும் பலகையில்) சேர்த்திருக்கிறாய். அப்போது முழுச் சுருளும் வேலை செய்வதால் மெதுவான ஓட்டத்தில் இழுவை கூடுதலாகவே கிடைக்கும். ஆனால், சுற்றுகள் இரண்டு மடங்கானால் தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு, நான்கு மடங்காகிறது. வேகம் ஏற ஏற, சுருளில் மின்னோட்டம் முழு அளவை எட்டுவதற்குள் அடுத்த ஸ்டெப்புக்கான கட்டளை வந்துவிடுவதால் இழுவை சரிந்துபோகிறது. மில்லிஹென்றியில் அளந்த தூண்டலின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கி மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும் கணக்கை இங்கே போட்டுப் பார். பாதிச் சுருளில் நான் அளந்தது 2.5, அதற்கு ஏறத்தாழ 50 வோல்ட் போதும். முழுச் சுருளுக்கு 10 ஆகிவிடும். அது 101 வோல்ட் கேட்கும். நம் இருவரிடமும் இருப்பதோ 36 வோல்ட் பவர் சப்ளை. நீயே சொல், இவற்றில் எதற்கு அது நெருங்கி வரும்?

ஆகவே ஒவ்வொரு சுருளிலும் நடு ஒயரையும் ஒரு முனையையும் மட்டும் டிரைவரில் சேர். எஞ்சிய முனையை உறையிட்டு ஒதுக்கிவிடு. மல்டிமீட்டரில் முனைக்கு முனை 8 ஓம், நடுவிலிருந்து முனைக்கு 4 ஓம் என்று காட்டும்; அதை வைத்தே நடு ஒயரைக் கண்டுபிடித்துவிடலாம். மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் 2 ஆம்பியர் பாதிச் சுருளுக்கு உரியது, முழுச் சுருளுக்கு 1.4-தான், ஆகவே டிரைவரின் சுவிட்சுகளை 2 ஆம்பியருக்கு மாற்று. மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் டிரைவர் அந்தக் கணமே போய்விடும் என்பதை உன் தம்பியிடமும் சொல்லி வை.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மோட்டாரின் உடல் தொட முடியாதபடி சுடும். உடனே எனக்குப் போன் போடாதே. 70 டிகிரி வரை இவற்றுக்குச் சாதாரணம்.

இனி வேகத்தைச் செப்பம் செய்வது. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் நமது பால் ஸ்க்ரூவில் (திருகுத் தண்டில்), ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்புக்கு, ஒரு மி.மீ.க்கு 320 மைக்ரோஸ்டெப் என்பது சரிதான், அதைத் தொடாதே. முடுக்கத்தைக் குறைவாக வைத்து, ஸ்டெப் தவறும் வரை வேகத்தை உயர்த்திப் பார். தவறிய வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொள். பிறகு முடுக்கத்தையும் அவ்வாறே ஏற்று. காதால் கேட்டு முடிவு செய்யாமல், கேன்ட்ரியில் (வெட்டும் தலையைத் தாங்கி நகரும் பாலத்தில்), மிகச் சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, பல முறை போய்வந்த பின் முள் பூஜ்யத்துக்கே திரும்புகிறதா என்று பார்த்து முடிவு செய். இந்தச் சோதனையில் என் முள் அசையாமல் நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்கத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கலாம் என்று லேத் அண்ணன் ஆயிரம் சொன்னாலும், மோட்டாரைத் திறந்து ரோட்டரை வெளியே எடுக்காதே. எடுத்தால் காந்தம் வலுவிழக்கும்; திரும்ப மாட்டினாலும் பழைய இழுவை வராது. அப்படி ஆனால் நீ புதிதுதான் வாங்க வேண்டியிருக்கும்.

ஆர்டரை ஞாயிறு வரை நிறுத்தி வை. டயல் கேஜுடன் காலையிலேயே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்