அவர் கொட்டாவி விட்டால் மட்டும் ஏன்?

அன்புள்ள கண்ணம்மா,

போனில் சொன்னால் நடுவில் குறுக்கிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். குடிக்குச் சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பியிருக்கிற உன் ஆபீஸ்காரரைப் பற்றிப் பேசும்போது, "எனக்கு அவர் மேல எந்தத் தப்பெண்ணமும் இல்லம்மா, ஆனா கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கேன்" என்றாய். மனதாரத்தான் சொன்னாய். ஆனால் இந்தத் தப்பெண்ணம் நாம் கூப்பிட்டு வருவதில்லை, யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே கண் தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். மற்றவர் கொட்டாவி விட்டால் ராத்திரி தூக்கமில்லை, அவர் விட்டால் "மறுபடி ஆரம்பிச்சுட்டாரோ?"

உன் மாமாவையே பாரேன். குடியை விட்டு வருஷக்கணக்காகிறது. இன்றைக்கும் கடைக்குப் போய் வந்தால், யாரும் கேட்காமலே பில்லை மேஜையில் விரித்து, மீதிச் சில்லறையை அதன் மேல் வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான். உன் அப்பா மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார், அவரிடம் யார் கணக்குக் கேட்டோம்?

சமீபத்தில் மாமாவுக்குக் கடும் வயிற்றுவலி, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பழைய ஃபைலைப் புரட்டியதும் டாக்டரின் குரலே மாறிவிட்டது. கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், பதிலை நம்பவில்லை என்பதுதான் விஷயம். மறுநாள்தான் ஸ்கேன் எடுத்தார்கள், பித்தப்பையில் கல். இத்தனைக்கும் அவர் கெட்ட டாக்டர் இல்லை, என்னிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசுவார்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், மனநோய் உள்ளவரோடு நெருங்கி வேலை பார்க்கத் தயார் என்றவர்கள் 62 சதவீதம். போதைப்பொருளுக்கு அடிமையானவரோடு என்றதும் அது 22 ஆகிவிட்டது. இது வாய்விட்டுச் சொன்னவர்களின் கணக்குத்தான். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தள்ளிப் போடுகிறவர்கள் இதில் எங்கே வரப்போகிறார்கள்? (உன்னைத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.)

சரி, திரும்பவும் குடித்துவிட்டால் என்கிறாயா? குடிக்கலாம். 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரைப்படி, போதைக்குச் சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொடுகிறார்கள். அதே கட்டுரையில் ரத்தக்கொதிப்பும் ஆஸ்துமாவும் இருக்கின்றன. அந்த நோயாளிகளில் வருஷத்துக்கு 50 முதல் 70 சதவீதம் பேருக்குத் தொந்தரவு திரும்ப வந்து டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு பிரஷர் ஏறினால் மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறார்கள், யாரும் என் குணத்தைப் பேசுவதில்லை. மாமா ஒருமுறை சறுக்கினால் "நாய் வாலை நிமிர்த்த முடியுமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் சறுக்கியதை மறைக்கிறார்கள், மறைக்கிறவருக்கு உதவி போய்ச் சேருவதில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. வேலையில் தப்பு வந்தால் மற்றவர்களிடம் எப்படிச் சொல்வாயோ அப்படியே அவரிடமும் நேராகச் சொல். சந்தேகம் வரும்போது மட்டும், இதையே பக்கத்து சீட்டுக்காரர் செய்திருந்தால் என்ன நினைத்திருப்பேன் என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பார்.

அப்புறம், டீம் பார்ட்டிக்கு அவரைக் கூப்பிடலாமா, அங்கே மற்றவர்கள் குடிப்பார்களே என்று கேட்டாயே. கூப்பிடு, குடி இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. வருவதா வேண்டாமா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா