ஓட்டத்தையும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

தொழிற்சாலையை ஒட்டிய ஓடையில் நீரின் தரத்தை மட்டும் சோதித்து, ஓட்டத்தை அளக்காமல் விடுவது பாதிக் கணக்குதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் மாசு, நொடிக்கு 20 லிட்டர் ஓட்டம் என்றால் நாளுக்கு 86.4 கிலோ. மழைக்குப் பின் 25 மில்லிகிராம், 60 லிட்டர் என்றால் 129.6 கிலோ. அறிக்கையில் மாசு பாதியாகக் குறைந்திருக்கும். ஓடையில் போனதோ ஒன்றரை மடங்கு!

கருவி இல்லையென்றால், நேராக ஓடும் 10 மீட்டர் தூரத்தில் மிதவை விட்டு மேற்பரப்பு வேகத்தைப் பார்க்கலாம். மேற்பரப்பு நீர் சராசரியைவிட வேகமாக ஓடுவதால், அதை 0.85-ஆலும், ஓடையின் குறுக்குவெட்டுப் பரப்பாலும் (அகலம் × சராசரி ஆழம்) பெருக்கினால் தோராயமான ஓட்டம் கிடைக்கும்.

மாதிரியைக் கழிவு கலக்கும் இடத்துக்கு மேலேயும், நன்கு கலந்தபின் கீழேயும் எடுக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை அங்கேயே அளக்கவும். உலோகங்களைச் சோதிக்க எடுக்கும் நீர்ப் புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 2-க்குக் கீழே இறக்காவிட்டால், நீரிலுள்ள உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முடிவு குறைத்தே வரும்.